தில்லி வெயிலில் கெட்டு, பனியில் படுக்கும் கார் பேட்டரி

டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பொங்கல் வரை எங்கள் பணிமனைக்கு விடியற்காலையிலேயே அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். அழைப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: நேற்று இரவு வரை நன்றாக ஓடிய வண்டி இன்று காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. குளிரில் பேட்டரி போய்விட்டது என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் தில்லியில் கார் பேட்டரியைக் கெடுப்பது மே, ஜூன் மாதத்து வெயில்தான். அது கெட்டுப்போன செய்தியை நமக்குச் சொல்வது மட்டுமே ஜனவரியின் வேலை.

பெட்ரோல், டீசல் கார்களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. அதற்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். வெளியே வெயில் 45 பாகை செல்சியஸைத் தொடும் நாளில் பானட்டுக்கு அடியில் வெப்பம் அதைவிடப் பல பாகை கூடுதலாக இருக்கும். அந்தச் சூட்டில் அமிலக் கரைசலில் உள்ள நீர் வேகமாகக் குறைகிறது, நேர்மின் தகடுகளின் சட்டம் அரிக்கப்படுகிறது, அதனால் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிக்கொண்டே வருகிறது. இந்த இழப்பு கோடையில் வெளியே தெரிவதில்லை. எஞ்சின் ஆயில் அப்போது இளகி இருப்பதால் எஞ்சினைச் சுழற்ற அதிக வலு தேவைப்படாது; பேட்டரிக்குள் வேதிவினையும் விரைவாக நடக்கும். ஜனவரியில் வெப்பநிலை ஐந்து பாகைக்கு இறங்கும்போது ஆயில் கெட்டியாகிறது, வேதிவினையும் மந்தமாகிறது. இரண்டும் ஒரே காலையில் சேர்ந்துகொள்ளும்போது, பாதி வலுவோடு ஆறு மாதம் ஒப்பேற்றி வந்த பேட்டரி படுத்துவிடுகிறது. ஆகவே பேட்டரியைச் சோதிக்க ஏற்ற காலம் மழை நின்று தீபாவளி வருவதற்கு முந்தைய வாரங்கள் என்பது என் கருத்து.

சோதனை என்றால் எது சோதனை என்பதில்தான் குழப்பம் அதிகம். மயூர் விஹாரில் வசிக்கும் ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவரின் காரை ஒரு குளிர்காலக் காலையில் பார்க்கச் சென்றிருந்தேன். பானட்டைத் திறந்ததும் பேட்டரியின் மேலுள்ள சிறு கண்ணாடி வட்டத்தைக் காட்டி, "பச்சையாகத்தானே இருக்கிறது, தம்பி, பிறகு ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டார். மல்டிமீட்டரை வைத்தபோது அதுவும் 12.5 வோல்ட் என்றே காட்டியது. சாவியைத் திருப்பச் சொன்னேன். டக்டக்கென்று ஒலி கேட்டதோடு சரி, மீட்டர் 7.8க்குச் சரிந்து, சாவியை விட்டதும் மெல்ல 12க்கு மேலே ஏறிக்கொண்டது. அந்தப் பச்சை வட்டம் ஆறு அறைகளில் ஒரே ஓர் அறையின் கரைசல் அடர்த்தியை மட்டுமே காட்டுகிறது. மற்ற ஐந்தின் நிலையை அது அறியாது. சும்மா இருக்கும்போது பார்க்கும் வோல்ட் அளவு பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் உள்ளது என்பதைச் சொல்லுமே தவிர, பாரம் ஏறும்போது அது தாங்குமா என்பதைச் சொல்லாது.

எனவே இரண்டு அளவுகளும் வேண்டும். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12க்கு வந்துவிட்டால் கால் பங்கு என்று தோராயமாகக் கொள்ளலாம். அடுத்து, ஸ்டார்ட் செய்யும் அந்த ஓரிரு வினாடிகளில் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்று பார்க்க வேண்டும். முழு சார்ஜில் இருந்தும் அப்படிச் சரிந்தால் பேட்டரியின் காலம் முடிந்துவருகிறது என்று பொருள். இதையே ஒழுங்காகச் செய்யும் லோடு டெஸ்டர் நல்ல பேட்டரிக் கடைகளில் இருக்கிறது. சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே சோதித்து "போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்வதை மட்டும் ஏற்காதீர்கள். முதலில் முழுமையாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சோதனை அதன் பிறகுதான்.

தில்லித் தமிழர்களின் கார்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போய், ஒரு மாதம் கழித்து வந்து சாவியைத் திருப்புவார்கள். பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கடிகாரம், கணினிப் பெட்டிகளின் நினைவகம் எல்லாம் சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். 25 மில்லி ஆம்பியர் என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு), 30 நாளுக்கு 18. சிறு பெட்ரோல் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். வெளியே பொருத்திய டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி ஆகியவையும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியரை எட்டினால் பேட்டரி காலி. காற்று மாசு கடுமையாகி, மாசின் அளவுக்கேற்பப் படிப்படியாகத் தடைகள் விதிக்கும் கிராப் திட்டத்தின் மூன்றாம் நிலை அமலுக்கு வந்தால், பழைய புகைத் தரங்களின்படி வந்த பிஎஸ்-3 பெட்ரோல் கார்களும் பிஎஸ்-4 டீசல் கார்களும் வீட்டிலேயே நிற்கின்றன. அந்த வாரங்களிலும் இதே கணக்குதான். இறங்கிய நிலையில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுமையாகத் திரும்புவதில்லை.

நிற்கும் காரை நாள்தோறும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நின்ற இடத்திலேயே ஐடிலில் ஓடும் எஞ்சினில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தருவதில்லை. பேட்டரி முழுமையாக ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். மூடிய பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இப்படிச் செய்வதால் கார்பன் மோனாக்சைடு சேரும் அபாயமும் உண்டு. வாரம் ஒருமுறை ரிங் ரோட்டில் முக்கால் மணி நேரம் ஓட்டுவது மேல். நீண்ட நாள் ஊருக்குச் செல்பவர்கள் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுச் செல்லலாம். அதற்கு முன் கதவு சாதாரணச் சாவியால் பூட்டித் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். திரும்பி வந்ததும் கடிகாரத்தைத் திருத்துவது போன்ற சிறு சிரமம் இருக்கும்.

பராமரிப்பில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மூடி திறக்கும் வகைப் பேட்டரியாக இருந்தால் கோடையில் மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆர்ஓ தண்ணீரும், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் கூடாது, அமிலம் அறவே கூடாது. டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்த்தி, வாசலின் தடவி, நெகட்டிவைக் கடைசியாக மாட்டுங்கள். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் அதிர்விலேயே தகடுகள் உதிரும். எஞ்சின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தையைச் சில மெக்கானிக்குகள் இன்னும் விடவில்லை. அந்த நொடியில் எழும் மிகை மின்னழுத்தம் இன்றைய கார்களின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான இசியூவைப் பொசுக்கிவிடக்கூடும். உங்கள் வண்டியில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மாற்றுவது எப்போது? தில்லியின் வெயிலுக்கும் குளிருக்கும் மூன்று முதல் நான்கு ஆண்டுகள் உழைத்த பேட்டரி தன் கடமையைச் செய்துவிட்டது என்பேன். ஆனால் வயதை மட்டும் பார்த்து மாற்றச் சொல்ல மாட்டேன். காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுழல்வது, ஸ்டார்ட் செய்யும்போது டேஷ்போர்டு விளக்குகள் மங்குவது, முழுச் சார்ஜ் ஏற்றிய பின்பும் இரண்டே நாளில் இறங்குவது ஆகியவற்றோடு லோடு சோதனையிலும் தோற்றால் மாற்றிவிட வேண்டும். பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ சோதனைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். அந்த வண்டிக்கு வேறு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கவும் முயலக் கூடாது. புதுப் பேட்டரி போட்டும் இரண்டே மாதத்தில் மறுபடி இறங்கினால், குற்றம் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலோ எங்கோ மின்சாரம் கசிவதிலோ இருக்கிறது. பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள கார்களில் அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைப் பேட்டரி இருக்கும். விலை குறைவு என்று அதன் இடத்தில் சாதாரணப் பேட்டரியைப் போட்டால் அது விரைவில் தளர்ந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் காருக்கோ, கார் பேட்டரியை இன்வெர்ட்டருக்கோ மாற்றிப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது, கார் பேட்டரி சில வினாடிகளில் பெரும் மின்னோட்டத்தைத் தருவதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது, இன்வெர்ட்டர் பேட்டரி பல மணி நேரம் சிறுகச் சிறுகத் தருவதற்காகத் தடித்த தகடுகளால் ஆனது.

வாங்கும்போது, கரோல் பாக்கானாலும் காஷ்மீரி கேட்டானாலும், பேட்டரியில் பொறித்துள்ள தயாரிப்பு மாதத்தைக் கடைக்காரரிடம் கேட்டுப் படியுங்கள். அலமாரியில் நெடுநாள் கிடந்த சரக்கை, விலையைக் குறைத்தாலும், நான் எடுப்பதில்லை. வாரண்டி 48 மாதம் என்று அட்டையில் இருந்தால் அதில் இலவசமாக மாற்றித் தரும் காலம் எவ்வளவு, மீதியில் விலைக் கழிவு மட்டும் தரும் காலம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதை முறையான மறுசுழற்சிக்கே அனுப்பச் சொல்கின்றன. சில நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் கொடுத்தால் அமிலம் சாக்கடையில் போகும். புதியதைப் பொருத்திய பின் எஞ்சினை ஓடவிட்டு, டெர்மினல்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா என்று மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.