காய்ச்சல் விடவில்லையா? டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லுங்கள்

ஐப்பசி பிறந்ததிலிருந்து மாசி வரைக்கும் சேலத்து ஆஸ்பத்திரிகளில் ஒரே மாதிரி கேஸ்கள் நிறைய வரும். "ஒரு வாரமா காச்சலுங்க, ஊசி போட்டும் விடலீங்க" என்பார்கள். கையில் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் இரண்டு மூன்று லேப் ரிப்போர்ட் இருக்கும். முதல் தாளிலேயே, டைபாய்டுக்காக எடுக்கும் வைடால் என்ற ரத்த டெஸ்ட் பாசிட்டிவ். டைபாய்டு என்று முடிவு கட்டி வைத்தியமும் நடந்திருக்கும்.

வைடால் நம் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறது, கிருமியைப் பார்ப்பதில்லை. முன்பு எப்போதோ டைபாய்டு வந்திருந்தாலும், தடுப்பூசி போட்டிருந்தாலும், வேறு காய்ச்சல் இருந்தாலும்கூட அது பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அதை உறுதிசெய்ய, ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் வேண்டும்.

ஏற்காட்டைச் சுற்றியுள்ள எஸ்டேட்களில் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் இதேதான். பழம் பறிக்கும் ஒரு பெண்ணை ஒன்பதாம் நாள் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். கடும் தலைவலி, வறட்டு இருமல், லேசாக மூச்சு வாங்குகிறது. ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தன, கல்லீரல் என்சைம்கள் ஏறியிருந்தன. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். டைபாய்டுக்கான செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஐந்து நாள் போட்டும் காய்ச்சல் அசையவில்லை. திரை போட்டு, நர்ஸ் அம்மாவை உடன் வைத்துக்கொண்டு, தலை முதல் கால் வரை பார்த்தோம். இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருந்தழும்பு. நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். "நாடா அழுத்தி புண்ணாயிருக்கும்னு விட்டுட்டேனுங்க" என்றார் அந்த அம்மா. அது வலிக்கவுமில்லை, அரிக்கவுமில்லை. யாரும் கேட்காதபோது அவர் ஏன் சொல்லப்போகிறார்?

அது ஸ்க்ரப் டைபஸ், நம் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் பெரிய உண்ணி இதைப் பரப்புவதில்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது. பென்சிலின் வகை மருந்துகளோ செஃப்ட்ரியாக்சோனோ அதைத் தொடாது. டாக்ஸிசைக்ளின் தொடும், அசித்ரோமைசினும் தொடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின்தான் கொடுப்போம். சரியான மருந்து உள்ளே போனால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும், அந்த அம்மாவுக்கும் அப்படியே இறங்கியது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும், உயிரும் போகும்.

கடித்த இடத்தில் வரும் இந்தத் தழும்பை அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு, காதுக்குப் பின்புறம், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள் என்று தேடிப் பார்க்க வேண்டும். ஈரமான மடிப்புகளில் பொருக்கு உதிர்ந்து வெறும் சிறு புண்ணாகத் தெரியும். எல்லோருக்கும் தழும்பு இருக்காது. இந்தக் காய்ச்சலுக்கான எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா என்ற ரத்த டெஸ்டும் முதல் வாரத்தில் நெகட்டிவ் ஆக வரலாம். அதனால்தான் சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குகிறோம். மலையில் மட்டும் வரும் வியாதி என்றும் நினைக்க வேண்டாம். வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் வயல் வரப்பில் உட்காருபவருக்கும் வரலாம், வீட்டுக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்தாலும் வரலாம்.

தட்டணு குறைந்தாலே டெங்கு என்று பயப்படுகிறார்கள். உண்ணிக் காய்ச்சல், மலேரியா, எலிக் காய்ச்சல் எல்லாவற்றிலும் அது குறையும். கெண்டைக்கால் தசை தொட்டாலே வலித்து, கண் சிவந்து, மஞ்சளும் தட்டினால் எலிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். ஆட்டுப்பட்டியில் வேலை, காய்ச்சாத பால், விட்டு விட்டு வரும் காய்ச்சல், முதுகுவலி என்றால் கால்நடைகளிடமிருந்து தொற்றும் புரூசெல்லா கிருமியை நினைக்க வேண்டும்.

வாரக்கணக்கில் நீளும் காய்ச்சலில் நம் ஊரில் முதலில் தேட வேண்டியது டிபி. ஆனால் ஒரு எச்சரிக்கை. சர்க்கரை உள்ளவர், மண்ணிலும் சேற்றிலும் புழங்குபவர், டிபி மாத்திரை சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறார், ஸ்கேனில் கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி தெரிகிறது என்றால், மண்ணில் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் ஆக இருக்கலாம். அந்தச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும்போதே லேபுக்குச் சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வளர்ந்து வரும் கிருமியை ஏதோ வெளியிலிருந்து கலந்தது என்று ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு.

கல்ச்சருக்குப் பெரியவர்களிடம் ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை, இரண்டு மூன்று தடவை, வேறு வேறு இடத்தில் எடுப்போம். "இவ்வளவு ரத்தமா?" என்று உறவினர்கள் கோபித்துக்கொள்வதுண்டு. ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும், அளவு குறைந்தால் சிக்காது. இதய வால்வில் கிருமி தங்கிய நோயாளிக்கு இந்தப் பாட்டில்தான் பதில் சொல்லும். மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக் நான்கு வேளை உள்ளே போயிருந்தால், அந்தப் பதிலும் பல சமயம் கிடைக்காமல் போய்விடும். காய்ச்சல் கொஞ்சம் தணியும், நிறுத்தினால் திரும்பி வரும், அதற்குள் வால்வு அரிக்கப்பட்டிருக்கும்.

ஆகவே வரும்போது ரிப்போர்ட்டோடு, சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள். கடந்த மூன்று வாரத்தில் எங்கே போனீர்கள், என்ன வேலை செய்தீர்கள், எதைத் தொட்டீர்கள், ஊரில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்பதைச் சொல்லுங்கள். உடம்பில் எங்கே புண் இருந்தாலும், கூச்சமான இடமாக இருந்தாலும் சொல்லுங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்றால் கேளுங்கள். அப்புறம், மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது, எழுந்தால் மயங்குவது இதில் எது தெரிந்தாலும் பகலிலேயே கீழே கிளம்பிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ராத்திரி வண்டி தேடி இறங்கும் நேரம் வரை விட வேண்டாம்.