வெட்டுவதற்கு முன் மிச்சத்தை அளக்க வேண்டும்

"பாதி ஈரலை எடுத்துட்டா ஆளு தாங்குவாரா டாக்டரய்யா?" தென்காசி, வள்ளியூர்ப் பக்கமிருந்து ஈரல் கட்டியோடு வருபவர்களின் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. எடுக்கும் துண்டைவிட, விட்டுவைக்கும் துண்டைப் பற்றித்தான் அறுவை மருத்துவருக்கும் கவலை.

60 கிலோ எடையுள்ளவருக்கு ஈரல் ஏறக்குறைய 1,200 மில்லி. மிஞ்சப்போகும் பகுதியை சி.டி. ஸ்கேனில் தனியே அளப்பார்கள். நல்ல ஈரலென்றால் கால் பங்கு போதும். பல சுற்று கீமோ ஏறியிருந்தால் 30 சதவீதம், சிரோசிஸ் வந்து இறுகியிருந்தால் 40 சதவீதமாவது வேண்டும். "எப்பவாச்சும் ஒரு குவார்ட்டர்தான்" என்ற பொய் ஆளைக் கவிழ்ப்பது இங்கேதான். குடியில் இறுகிய ஈரலை நல்ல ஈரலென்று நம்பி 300 மில்லி மட்டும் விட்டுவைத்தால், சில நாளில் காமாலை ஏறும், ரத்தம் உறையாது, நினைவு தடுமாறும். பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனாலும் எல்லாம் தெரியாது. வீட்டார் முன்னால் கூச்சமென்றால் தனியே சொல்லிவிடுங்கள்.

மிச்சம் பற்றாதென்றால், கட்டியுள்ள பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயை (குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவருவது) ஊசி வழியே அடைத்துவிட்டு 4 முதல் 6 வாரம் பொறுப்பார்கள். அந்தப் பக்கம் வாட, மறுபக்கம் பருக்கும். பருக்காவிட்டால் பெரிய வெட்டுக்குத் துணிவதில்லை. "கட்டி வளருதே, ஏன் இழுத்தடிக்காங்க" என்று சண்டைக்கு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கறிக்கடையில் ஆட்டு ஈரல் அறுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே எல்லைக்கோடு எதுவும் கண்ணுக்குப் படாது. மனித ஈரலும் அப்படியே. ரத்தக்குழாய்க் கிளைகளை வைத்துத்தான் 8 கூறுகள். அதனால் ஈரல் மேலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துக் குழாய்களைக் கண்டு, கோடு கிழிப்பார்கள். வெட்டும்போது ரத்தம் கொட்டாமலிருக்க, ஈரலுக்குள் ரத்தம் நுழையும் வாயிலை நாடாவால் 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்துவது 1908-ல் அறுவை மருத்துவர் பிரிங்கிள் சொன்ன உத்தியின் இன்றைய முறை. ஆனால் ஈரலிலிருந்து வெளியேறும் சிரைகளை அது கட்டுப்படுத்தாது. அதற்கு மயக்க மருத்துவர் டிரிப்ஸைக் குறைத்துச் சிரை அழுத்தத்தை 5 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே வைப்பார். அளவு மீறிக் குறைந்தால், கிழிந்த சிரை வழியே காற்று உள்ளே போகும் ஆபத்து உண்டு.

ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே கட்டினாலும், வெட்டிய முகத்தில் பித்தம் கசியலாம். மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ டிரெயின் (வயிற்றில் வைத்த வடிகுழாய்) நீரில் பிலிருபின் என்ற பித்த நிறமி ரத்தத்தில் உள்ளதைப்போல 3 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் கசிவுதான். பெரும்பாலும் டிரெயினை விட்டுவைத்தாலே அடைந்துவிடும். வீட்டுக்குப் போன பின் குளிர்காய்ச்சல், கண் மஞ்சள், வயிறு உப்பல் வந்தால், கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள்.