காதுக்குத் தெரியாமல் காலை ஆட்டும் பேஸ்

பெங்களூரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ராக் கச்சேரிக்கும் போகிறேன், சனிக்கிழமை ராத்திரி டிஜே வாசிக்கும் கிளப்புக்கும் போகிறேன். ரெண்டு இடத்திலும் காதைப் பிளக்கும் சத்தம், ரெண்டு இடத்திலும் கூட்டம். ஆனால் ராக் கச்சேரி முடிந்தால் யாரையோ நேரில் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. கிளப்பில் மணிக்கணக்காக ஆடிவிட்டு வந்தாலும் என்ன பாட்டு போட்டார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. இது மனசு சம்பந்தப்பட்டதா, சரக்கு சம்பந்தப்பட்டதா?"

சரக்கின் பங்கை நான் மறுக்கப் போவதில்லை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் நிறைய இருக்கிறது. அதில் பாதி இயற்பியல், பாதி உட்செவி.

இயற்பியலை முதலில் வேகமாக முடித்துவிடலாம், பள்ளியில் படித்ததுதான். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 4,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சிம்பலின் அலைநீளம் எட்டரை சென்டிமீட்டர். 40 ஹெர்ட்ஸில் உறுமும் பேஸ் என்ற அடித்தள ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். சின்ன அலையைச் சட்டை துணியும் மனித உடம்பும் விழுங்கிவிடும். பெரிய அலைக்கு உங்களையும் என்னையும் பொருட்டாக மதிக்கத் தெரியாது, சுற்றிக்கொண்டு போய்விடும். கூட்டம் சேரச் சேர அரங்கில் கூர்மையான ஒலிகள் அடங்கி, பேஸ் மட்டும் அப்படியே நிற்பது இதனால்தான்.

பெரிய மைதானத்தில் நடக்கும் ராக் கச்சேரியில் இன்னொரு சங்கடம், தூரம். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி வந்து சேர 0.3 நொடி ஆகும். திரையில் டிரம்மரின் குச்சி விழுந்துவிட்டது, 'டம்' இன்னும் வரவில்லை. நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே 0.5 நொடிதான். அதனால் முன்வரிசை தட்டும் கைத்தட்டலும் பின்வரிசை தட்டுவதும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். நடு மைதானத்தில் கம்பத்தில் தொங்கும் டிலே ஸ்பீக்கர்களுக்கு வேண்டுமென்றே தாமதம் கொடுத்து அனுப்புவார்கள், மேடை ஒலியோடு சேர்ந்து விழட்டும் என்று. அது சத்தங்களை ஒன்றோடொன்று பொருத்தும். கண்ணையும் காதையும் பொருத்தாது.

கிளப்பில் இந்தப் பிரச்சினையே கிடையாது. எந்த பாக்ஸிலிருந்தும் நீங்கள் நாலெட்டு, பத்தெட்டு தள்ளித்தான் நிற்கிறீர்கள். அங்கே வேறு தலைவலி: சுவர். சிம்பொனி இசைக்கு அரங்கில் ஒலி 2 நொடி வரை தங்கி மறைவது அழகு. அதே அரங்கில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய கிக் டிரம் அடித்தால் முதல் அடி மறைவதற்குள் அடுத்த மூன்று அடிகள் வந்து விழுந்து எல்லாம் குழைந்துவிடும். டென்மார்க்கில் நீல்ஸ் ஆடெல்மன்-லார்சன் 20 ராக் அரங்குகளை அளந்து, அங்கே வாசிப்பவர்களையும் சவுண்ட் எஞ்சினியர்களையும் விசாரித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னதும் இதைத்தான். நல்ல அரங்கு என்று பெயர் வாங்கியவற்றில் 125 ஹெர்ட்ஸ் வட்டாரத்து எதிரொலி சட்டென்று அடங்கிவிடுகிறது. திரைச்சீலை தொங்கவிட்டால் இது நடக்காது. சீலை சின்ன அலையைத்தான் பிடிக்கும்.

கிளப் கட்டுபவர்களுக்கு இது எழுபதுகளிலேயே கைப்பழக்கமாகத் தெரியும். நியூயார்க்கில் 1977 முதல் 1987 வரை நடந்த பாரடைஸ் கராஜ் என்ற கிளப்பில் டிஜே லாரி லெவனும் ஒலியமைப்பாளர் ரிச்சர்ட் லாங்கும் சேர்ந்து ஆடுதளத்தைச் சுற்றி நிறுத்திய ஸ்பீக்கர்களைப் பற்றி இன்றும் கதை கதையாகச் சொல்கிறார்கள். அங்கே மேடை முக்கியமில்லை, தரைதான் முக்கியம். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி கிடையாது. ஒரு பாட்டின் அடியோடு அடுத்த பாட்டின் அடியைப் பொருத்தி, நிமிடத்துக்கு 120 சொச்சம் அடி என்ற ஓட்டத்தை விடியும் வரை அறுக்காமல் கொண்டுபோவதுதான் டிஜேயின் கலை.

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதி.

கனடாவில் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லைவ்லேப் என்று ஓர் அரங்கு இருக்கிறது. 106 இருக்கை கொண்ட கச்சேரி அரங்குதான், ஆனால் ஆய்வுக்கூடமும் கூட. பார்வையாளர்களின் அசைவு, இதயத் துடிப்பு என்று எல்லாவற்றையும் பதிவு செய்யலாம். அங்கே ஆர்ஃபெக்ஸ் என்ற எலக்ட்ரானிக் இசை இரட்டையரை நிஜமான கச்சேரி ஒன்றை நடத்தச் சொன்னார்கள். வந்தவர்களில் விருப்பப்பட்டவர்கள் தலையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டார்கள், அசைவைக் கேமராக்கள் பிடிப்பதற்காக. வழக்கமான ஸ்பீக்கர்களோடு, 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரை மட்டும் ஒலிக்கும் சிறப்பு ஸ்பீக்கர்களும் வைத்திருந்தார்கள். மனிதக் காதின் கீழ் எல்லை 20 ஹெர்ட்ஸ் வாக்கில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கொஞ்சம் மேலே உள்ளதும் உரத்த இசைக்கு நடுவே காணாமல் போய்விடும். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சிறப்பு ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிடம் போடுவது, இரண்டரை நிமிடம் அணைப்பது என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆடுபவர்களிடம் சொல்லவில்லை.

அவை ஒலித்த நேரங்களில் கூட்டம் 11.8 சதவீதம் கூடுதலாக ஆடியது.

அப்புறம் தனியாக ஒரு சோதனை வைத்து, இந்த ஆழ்ந்த ஒலி எப்போது இருக்கிறது, எப்போது இல்லை என்று கண்டுபிடிக்கச் சொன்னால் யாராலும் முடியவில்லை. குருட்டாம்போக்கில் சொல்வதற்கு மேல் ஒரு மதிப்பெண்ணும் தேறவில்லை. டேனியல் கேமரன், லாரல் டிரெய்னர் குழுவினர் 2022-ல் இதை வெளியிட்டார்கள். கேட்டதே தெரியாத ஒலிக்கு உடம்பு ஆடியிருக்கிறது. அப்படியென்றால் உடம்பில் எதற்குத் தெரிந்தது?

மீன் சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில் எனக்கு உதவ வேண்டும். கத்தாழை மீனின் தலையைக் குழம்பில் போட்டுக் கடித்தால் பல்லில் ஒரு வெள்ளைக் கல் நறுக்கென்று மாட்டும். பக்கத்துக்கு ஒன்று. பீங்கான் துண்டு மாதிரி வழுவழுப்பாக, ஒருபுறம் பள்ளமாக இருக்கும். அது எலும்பில்லை, கால்சியம் கார்பனேட். மீனின் உட்செவியில் சாக்யூல் என்ற சின்னப் பைக்குள் இருக்கும் செவிக்கல் அது. நமக்குள்ள நத்தைச்சுருள் போன்ற காக்ளியா மீனுக்குக் கிடையாது. பெரும்பாலான மீன்கள் கேட்பதே இந்தக் கல்லால்தான். தண்ணீரில் ஒலி வரும்போது மீனின் சதை தண்ணீரோடு சேர்ந்து அசைகிறது. கல் கனமானது என்பதால் பின்தங்குகிறது. கல்லுக்கு அடியிலுள்ள முடிச் செல்கள் அந்த இழுபறியில் வளைகின்றன. நரம்புக்குச் செய்தி போகிறது.

அதே சாக்யூல் உங்களுக்கும் எனக்கும் உண்டு. நம்முடையது ஒரே கல்லாக இல்லை, பொடிப்பொடியான படிகங்கள் ஒரு கூழ்ப்படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கேட்கும் வேலையைக் காக்ளியா எடுத்துக்கொண்டுவிட்டதால் நம் சாக்யூல் சமநிலை உறுப்பாக வேலை பார்க்கிறது. லிஃப்ட் மேலே கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் உங்களுக்குத் தெரிகிறதே, அது சாக்யூலின் கைங்கரியம். மேலும் கீழுமான முடுக்கத்தை உணர்வதில் அது கெட்டி.

ஆனால் பழைய வேலையை அது முழுக்க மறக்கவில்லை. உரத்த ஒலி வந்தால் இன்றும் பதில் சொல்கிறது. சிட்னியில் கோல்பாட்ச், ஹல்மாஜி என்ற இரு மருத்துவர்கள் 1992-ல் காட்டினார்கள்: காதில் பலமாக ஒரு 'க்ளிக்' கொடுத்தால், இறுக்கி வைத்திருக்கும் கழுத்துத் தசை சுமார் 13 மில்லிநொடியில் ஒரு கணம் தளர்கிறது. மூளையிடம் அனுமதி கேட்டு நடக்கிற காரியமல்ல, அவ்வளவு நேரம் இல்லை. தலைசுற்றல் என்று போனால் இன்று காது மூக்கு தொண்டை மருத்துவமனைகளில் கழுத்தில் மின்முனை ஒட்டி எடுக்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று. பிரிட்டனில் நீல் டாட் இதைப் பிடித்துக்கொண்டு நடன இசை பக்கம் போனார். சுமார் 90 டெசிபலைத் தாண்டிய, பேஸ் நிறைந்த நடன இசை சாக்யூலைத் தட்டி எழுப்புகிறது என்று 2000-ல் எழுதினார். ஊஞ்சல் ஆடும்போது கிடைக்கும் கிறக்கத்தின் ஒரு துளியை ஒலியே கொடுத்துவிடுகிறது என்பது அவருடைய வாதம்.

சமநிலை உறுப்புக்கும் தாளத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அதே டிரெய்னர், ஜெசிகா ஃபிலிப்ஸ்-சில்வருடன் சேர்ந்து 2005-ல் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. ஏழு மாதக் குழந்தைகளுக்கு எந்த அடியிலும் அழுத்தமில்லாத தாளம் ஒன்றைக் கேட்க வைத்தார்கள். இரண்டிரண்டாகவும் எண்ணலாம், மூன்று மூன்றாகவும் எண்ணலாம். பாதிக் குழந்தைகளை இரண்டு அடிக்கு ஒருமுறை தூக்கித் துள்ள வைத்தார்கள், மீதிக் குழந்தைகளை மூன்று அடிக்கு ஒருமுறை. பிறகு அழுத்தம் சேர்த்த இரண்டு தாளங்களையும் போட்டால், ஒவ்வொரு குழந்தையும் தான் துள்ளிய கணக்குக்குரிய தாளத்தையே அதிக நேரம் கேட்டது. தாளத்தைக் காது மட்டும் முடிவு செய்யவில்லை, தூக்கிப் போடப்பட்ட உடம்பும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறது.

ஹாமில்டன் கச்சேரியில் வேலை செய்தது சாக்யூல் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. தோலிலும் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. இரண்டு வழியும் சேர்ந்திருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்களே எழுதுகிறார்கள். எனக்கு சாக்யூல் மேல் ஒரு சாய்வு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். குழம்பிலிருந்து கிளப் வரை வருகிற உறுப்பு வேறு எது?

கிளப்பில் நடப்பது பெரும்பாலும் இந்தத் தளத்தில்தான். கேள்வி கேட்காமல், பாட்டின் பெயர் தெரியாமல், கழுத்துக்குக் கீழே. கூடவே இன்னொன்று: எல்லாரும் ஒரே அடிக்கு ஒரே மாதிரி அசைவது. ஆக்ஸ்ஃபோர்டில் பிரான்வின் டார், ராபின் டன்பர் குழு 2016-ல் சைலண்ட் டிஸ்கோ முறையில், ஹெட்ஃபோன் மாட்டி ஆட வைத்துப் பார்த்தது. ஒன்றாகச் சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. ஆளுக்கொரு பக்கம் ஆடியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. அளந்தது எதை வைத்து? இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கித்தான்.

ராக் கச்சேரியில் பேஸ் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள், அந்தத் திசையில் ஓர் ஆள் இருக்கிறார். லைவ்லேப்பிலேயே இதையும் அளந்தார்கள். கனடா ராக் பாடகர் இயன் தார்ன்லி நேரில் பாடும்போது ஒரு கூட்டம், அவருடைய ஆல்பத்தை மட்டும் அதே அரங்கில் ஒலிக்கவிட்டு இன்னொரு கூட்டம். நேரில் பார்த்தவர்களின் தலை கூடுதல் வேகத்தோடு ஆடியது. ஏற்கெனவே ரசிகர்களாக இருந்தவர்கள் தாளத்தோடும் நன்றாக ஒட்டினார்கள். 2019-ல் வெளிவந்த முடிவு இது. கண்ணும், பழைய விசுவாசமும் இங்கே காதோடு சேர்ந்துகொள்கின்றன. யாரையோ பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது என்றால், பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்!

ஹெவி மெட்டல் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் மோதித் தள்ளிக்கொள்ளும் கூட்டத்தை மோஷ் பிட் என்பார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்து ஜெசி சில்வர்பெர்க்கும் கூட்டாளிகளும் யூடியூப் வீடியோக்களை வைத்து அதில் ஒவ்வொருவரும் போகும் வேகத்தைக் கணக்கிட்டார்கள். வந்த வரைபடம், பன்னிரண்டாம் வகுப்பில் வாயு மூலக்கூறுகளுக்குப் போட்டுக் காட்டுவார்களே, அந்த மேக்ஸ்வெல்–போல்ட்ஸ்மன் பரவல். அவ்வளவு ஆவேசமும் கடைசியில் ஒரு டப்பாவில் அடைத்த வாயு. சில சமயம் கூட்டம் வட்டமாக ஓடத் தொடங்கும்; அப்படி ஓடுவது 95 சதவீதம் இடஞ்சுழியாக. கோயில் பிரகாரத்தில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

2013-ல் இது வந்தபோது, வரிப்பணத்தில் இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று சிரிக்கத் தோன்றும். சிரிப்பு அடங்கியதும் கொஞ்சம் யோசிக்கலாம். ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரில் 2010-ல் லவ் பரேட் என்ற டெக்னோ விழாவில் நெரிசலில் 21 பேர் இறந்தார்கள். ஸ்பெயினின் சான் ஃபெர்மின் விழாக் கூட்டத்தைப் பல்கனியிலிருந்து படமெடுத்து ஆராய்ந்த டெனி பார்டோலோ குழு, நெரிசல் ஓர் அளவைத் தாண்டியதும் கூட்டம் முழுவதும் யாரும் தள்ளாமலே சுமார் 18 நொடிக்கு ஒருமுறை தானாக அலையாடத் தொடங்குகிறது என்று 2025-ல் காட்டியது. அதே அலையாட்டம் டூயிஸ்பர்க் வீடியோவிலும் இருந்தது. பெங்களூரில் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே 11 பேர் இறந்ததும் அதே 2025 ஜூனில்தான். நம் ஊர்க் கொடை விழாவில் பறைக்கும் தவிலுக்கும் ஆடுகிறவர்களின் தலையில் பட்டை கட்டி அளக்க, மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு போதும். கேட்டால் கொடுப்பவர்கள்தான் குறைவு.

கொடுக்க ஆள் இருப்பது வேறு சரக்குக்கு. 432 ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்தால் நோய் தீரும், 440 ஹெர்ட்ஸ் உலகத்தைக் கெடுக்கச் செய்த சதி என்று ஃபார்வர்டு வருகிறதே, அதற்கு ஆப், யூடியூப் சேனல், கட்டண வகுப்பு எல்லாம் நடக்கின்றன. 440 என்பது எல்லாரும் ஒரே சுருதியில் வாசிக்க வசதியாக வைத்துக்கொண்ட ஓர் எண், அவ்வளவுதான். நம் பாடகர்கள் ஒருவர் ஒன்றரைக் கட்டையிலும் இன்னொருவர் ஐந்து கட்டையிலும் காலங்காலமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள், கேட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசியாக, எங்கே நிற்பது என்பதற்கு ஒரு வழி. மேடையின் இரு பக்கமும் சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர், அடுக்கியிருந்தால், இரண்டுக்கும் சமதூரத்தில் உள்ள நடுக்கோட்டில் பேஸ் முழுசாகச் சேர்ந்து விழும். அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு பக்கத் தூரம் மறுபக்கத்தைவிட அரை அலைநீளம், அதாவது 40 ஹெர்ட்ஸுக்கு நாலு மீட்டர் சொச்சம் கூடினால், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போகும். அதனால் மைதானத்தில் மிக்ஸர் மேஜைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அது பெரும்பாலும் நடுக்கோட்டில்தான் இருக்கும், எஞ்சினியர் தன் காதுக்குச் சரிசெய்வதும் அந்த இடத்து ஒலியைத்தான். கிளப்பில் பேஸ் அதிகம் வேண்டுமென்றால் சுவரோரம், மூலை இன்னும் பலம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இப்படிப்பட்ட இடங்களுக்குச் சொன்ன உச்சவரம்பு சராசரி 100 டெசிபல். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது தொழிற்சாலைக் கணக்கு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும், ஆக 100-க்கு வெறும் 15 நிமிடம். பஞ்சு வைத்தால் போதாது, இயர்பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். அது தடுப்பது பெரும்பாலும் காக்ளியாவை வாட்டும் கூர்மையான ஒலிகளைத்தான். ஆழ்ந்த பேஸ் எலும்பு வழியாகவும் நெஞ்சுக்கூடு வழியாகவும் எப்படியும் உள்ளே வந்துவிடும்.