பனி குவிந்த பிறகு சுவிட்சைத் தேடாதீர்கள்

"காலை ஆறு மணிக்கே போட்டுவிட்டோம். எட்டு மணிக்கும் பனி அப்படியே கிடக்கிறது. சிஸ்டம் பழுது." அடியில் வெந்நீர்க் குழாயோ மின் கேபிளோ பதித்துப் பனியை உருக்கும் நடைபாதை வைத்திருப்பவர்களிடமிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் இதே புகார்தான். போய்ப் பார்த்தால் பாய்லர் எரிகிறது, பம்ப் சுற்றுகிறது, குழாயில் கசிவும் இல்லை. கோளாறு அந்த ஆறு மணியில் இருக்கிறது.

சூடாகும் நடைபாதை என்ன, ட்யூப்லைட்டா? 10 செ.மீ. தடிமனுள்ள கான்கிரீட் சதுர மீட்டருக்கு 240 கிலோ இருக்கும். அதை மைனஸ் 10 டிகிரியிலிருந்து பிளஸ் 3-க்குக் கொண்டுவரவே முக்கால் யூனிட் வெப்பம் வேண்டும். சதுர மீட்டருக்கு 300 வாட் தரும் அமைப்பில் அதற்கே இரண்டரை மணி நேரம். அதன் மேல் 10 செ.மீ. புதுப்பனி, அதாவது சுமார் 10 கிலோ. அதை உருக்க இன்னும் மூன்று மணி நேரம். காற்று அடித்துக்கொண்டு போகும் வெப்பமும் மண்ணுக்குள் இறங்கும் வெப்பமும் இந்தக் கணக்கில் வரவில்லை.

தாமதம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. குவிந்த பனியை அடியிலிருந்து உருக்கினால் கான்கிரீட்டை ஒட்டிய அடுக்கு மட்டும் கரைந்து, மிச்சம் கூரைபோல மேலே நின்றுவிடும். நடுவில் காற்று, வெப்பம் மேலே ஏறாது. பார்க்க வெள்ளைவெளேரென்று இருக்கும். காலை வைத்தால் பொதுக்கென்று உள்ளே இறங்கி ஷூ நனையும்.

ஆகவே ஈரத்தையும் வெப்பநிலையையும் சேர்த்து உணரும் சென்சார் போடுங்கள். பனி நேராக விழும் இடத்தில், தரையோடு தரையாக. கூரை விளிம்புக்கு அடியில் பதித்துவிட்டு அதைக் குறை சொல்லாதீர்கள். கடுங்குளிர் நாட்களில் தரையை முழுதாகக் குளிர விடாமல், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே வைத்திருங்கள். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் வீடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும் சுமார் 35 டிகிரி நீர்தான் நடைபாதைக்கு அடியில் ஓடுகிறது. வெதுவெதுப்புதான், ஆனால் நிற்காமல் ஓடுகிறது.

உருகிய நீர் எங்கே போகும் என்று ஏன் யாருமே கேட்பதில்லை? சூடான பரப்பு முடியும் ஓரத்தில் அது மறுபடி உறைந்து, கண்ணுக்கே தெரியாத கண்ணாடிப் பனியாகிறது. வழுக்கி விழுவது அங்கேதான். வடிகாலை நோக்கிச் சரிவு கொடுங்கள், வடிகாலுக்குள்ளும் வெப்பம் போகட்டும்.

குழாயில் அழுத்தம் குறைந்தால் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பாதீர்கள். நீர் உறையாமலிருக்கக் கலக்கும் கிளைக்கால் நீர்த்துப்போனால் குழாய் உறையும். பயத்தில் 50 சதவீதத்தைத் தாண்டவும் வேண்டாம். கலவை கெட்டியாகி வெப்பத்தைக் குறைவாகச் சுமக்கும். கலவையில் கிளைக்கால் எவ்வளவு என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆண்டுக்கொரு முறை பாருங்கள். பி.எச். 7-க்குக் கீழே போய்க் கலவை அமிலமாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். மின் கேபிளென்றால் கான்கிரீட் கொட்டும் முன்னும் பின்னும் மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதியுங்கள். நீளம் அதிகமென்று வெட்டினால் அந்தக் கேபிள் குப்பைக்குத்தான்.

கடைசியாக, கெஞ்சியே கேட்கிறேன். கான்கிரீட் கொட்டும் முன் அளவு டேப்பை விரித்துவைத்துக் குழாய்ப் பாதையைப் படமெடுத்து வையுங்கள். பிறகு கைப்பிடிக் கம்பி நட வருபவரிடம் அந்தப் படத்தைக் காட்டாமல் டிரில்லைத் தொட விடாதீர்கள்.