‘ப்ரிஃபர்’ என்ற வினைக்குப் பின் ‘தேன்’ (than) ஏன் வருவதில்லை?

வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் பயிற்சி கொடுப்பது என் தொழில். அவர்களுடைய கடிதங்களைத் திருத்தும்போது எனக்கு அதிகமாகச் சிவப்பு மை செலவாகும் வினைச்சொற்களுள் ‘ப்ரிஃபர்’ ஒன்று. ‘ஐ ப்ரிஃபர் சென்னை தேன் பெங்களூரு’ என்று எழுதுகிறவர் பெரும்பாலும் கடிதத்தின் மற்ற வாக்கியங்களைப் பிழையில்லாமல் எழுதியிருப்பார். வங்கித் தேர்விலும் மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்விலும் பிழையைக் கண்டறியச் சொல்லும் பகுதியில் இந்தச் சொல் அடிக்கடி தலைகாட்டுவதில் வியப்பில்லை. நன்றாகப் படித்தவர்களும் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

சறுக்கலுக்குக் காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘டீயை விட காப்பியைத்தான் ப்ரிஃபர் பண்ணுவேன்’ என்று நாம் அன்றாடம் சொல்கிறோம்; தமிழ் வாக்கியம் என்ற அளவில் அதில் குறை எதுவும் இல்லை. ‘விட’ என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல் ‘தேன்’ என்று ஐந்தாம் வகுப்பிலேயே மனத்தில் பதிந்துவிட்டதால், ‘பிக்கர் தேன்’, ‘பெட்டர் தேன்’ வரிசையில் ‘ப்ரிஃபர் தேன்’ என்பதும் தானாகவே வந்து சேர்ந்துகொள்கிறது. தமிழ் எழுத்தில் இனிக்கும் அந்தச் சொல்லுக்கு இந்த வினையின் பக்கத்தில் இடமில்லை. ‘ஐ ப்ரிஃபர் காஃபி டு டீ’ என்பதே சரியான அமைப்பு. விரும்புவது முதலில், விடுவது ‘டு’வுக்குப் பின்னால்.

இதை மனப்பாடம் செய்யச் சொன்னால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள் என்பதால், சொல்லின் பிறப்பிலிருந்தே நான் தொடங்குவது வழக்கம். இலத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன். ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல் அல்லது கொண்டுசெல்லுதல். இரண்டும் சேர்ந்து, ஒன்றை மற்றொன்றுக்கு முன்னே கொண்டுபோய் வைத்தல் என்ற பொருள் பிறந்தது. பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்த இந்தச் சொல் அந்தப் பழைய பொருளை இன்னும் முழுவதும் விட்டுவிடவில்லை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 41, விதி 1-இல் மேல்முறையீடு ‘ப்ரிஃபர்’ செய்யப்பட வேண்டும் என்று வருகிறது. அங்கே விருப்பு வெறுப்புக்கு வேலையில்லை. நீதிமன்றத்தின் முன் வைத்தல் என்பது மட்டுமே பொருள். பங்குச் சந்தையின் ‘ப்ரிஃபரன்ஸ் ஷேர்’ தமிழில் முன்னுரிமைப் பங்கு ஆனதிலும் அதே ‘முன்’ ஒளிந்திருக்கிறது. சாதாரணப் பங்குதாரர்களுக்கு முன்பாக ஈவுத்தொகை பெறும் உரிமை அதற்கு உண்டு.

தமிழில் ‘முன்’ என்ற சொல் எந்த வேற்றுமையைக் கேட்கிறது என்று இப்போது பாருங்கள். வீட்டுக்கு முன், உணவுக்கு முன், டீக்கு முன் என்று நான்காம் வேற்றுமையின் ‘கு’ உருபையே பெரும்பாலும் கேட்கிறது. டீக்கு முன்னால் காப்பியை வைக்கிறேன் என்று மனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால், அந்தக் ‘கு’வின் இடத்தில் ஆங்கிலத்தின் ‘டு’ எளிதாகப் போய் அமர்ந்துவிடும். ‘விட’வை வைத்துக்கொண்டு யோசிப்பதால்தான் ‘தேன்’ வந்து ஒட்டுகிறது. வகுப்பில் எத்தனையோ விளக்கங்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்றுதான் மாணவர்களிடம் நிலைத்து நிற்கிறது.

பெயர்ச்சொற்களை ஒப்பிடும்வரை சிக்கல் இல்லை. செயல்களை ஒப்பிடும்போதுதான் இரண்டாவது குழி காத்திருக்கிறது. ‘ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவிங்’ என்று எழுதும்போது, அங்குள்ள ‘டு’ முன்னிடைச்சொல் என்பதால் அதன் பின்னால் ‘டிரைவ்’ என்ற வெறும் வினை வராது. நடத்தல், ஓட்டுதல் போன்ற தொழிற்பெயரே வர வேண்டும். ‘ஐ ப்ரிஃபர் டு வாக்’ என்று தொடங்கிவிட்டாலோ கதை மாறுகிறது. ‘டு வாக் டு டு டிரைவ்’ என்று அடுக்கிக்கொண்டே போக முடியாது அல்லவா? அந்த நெரிசலைத் தவிர்க்க அங்கே ‘ராதர் தேன்’ உதவிக்கு வருகிறது: ‘ஐ ப்ரிஃபர் டு வாக் ராதர் தேன் டிரைவ்’. இந்த ஓரிடத்தில் ‘தேன்’ வருவதைப் பார்த்துவிட்டு எல்லா இடத்திலும் அது வரலாம் என்று முடிவுகட்டியவர்களும் உண்டு. ‘ஐ வுட் ராதர் வாக் தேன் டிரைவ்’ என்பது வேறு அமைப்பு. அதில் ‘ப்ரிஃபர்’ இல்லவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நேர்காணலில் எந்த ஊரில் வேலை பார்க்க விருப்பம் என்று கேட்டால், ‘ஐ வுட் ப்ரிஃபர் டு ஒர்க் இன் சென்னை’ என்று சொல்வது பொருத்தம். ‘வுட்’ இல்லாமல் சொன்னால் அது பொதுவான வழக்கத்தைக் குறிக்கும். ‘வுட்’ சேர்த்தால் இந்த ஒரு வாய்ப்பைப் பற்றிய விருப்பமாகவும், கொஞ்சம் பணிவாகவும் ஒலிக்கும். ‘ஐ ஆம் ப்ரிஃபரிங்’ என்பதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். இது தொடர்ந்து நடக்கும் செயலைக் காட்டுவதில்லை, மனநிலையைக் காட்டும் வினை. ‘மோர் ப்ரிஃபரபிள்’ என்பது நம் ‘நடு சென்டர்’ போன்றது. ஒப்பீடு சொல்லுக்குள்ளேயே இருக்கும்போது மேலும் ஒரு ‘மோர்’ தேவையில்லை. எழுத்துக்கூட்டலில், ‘ப்ரிஃபர்டு’ என்ற இறந்தகாலத்தில் ‘ஆர்’ இரட்டிக்கும். அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடும் ‘ப்ரிஃபரன்ஸ்’ என்ற சொல்லில் இரட்டிக்காது.

‘டு’வுக்குப் பதிலாக ‘ஓவர்’ போடலாமா என்று சிலர் கேட்பார்கள். இன்றைய ஆங்கிலத்தில், குறிப்பாக அமெரிக்காவில், அது பரவலாகப் புழங்குவதால் பேச்சில் நான் திருத்துவதில்லை. தேர்வுத் தாளில் மட்டும் ‘டு’வையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன், விடைத்தாள் திருத்துகிறவரோடு மொழி வரலாறு பேச முடியாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ ஆகிய இலத்தீன் வழிச் சொற்களும் ‘டு’வையே கேட்கின்றன. இவற்றை நடத்தும் நாளில் நான் முதலில் பலகையில் எழுதுவது ஒரு தமிழ் வாக்கியத்தை: ‘அவர் எனக்கு சீனியர்’. கல்லூரி விடுதியில் எல்லோரும் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. ‘எனக்கு’ என்பதில் உள்ள ‘கு’வுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் எழுதச் சொல்வேன், கடைசி வரிசையில் இருக்கும் மாணவர்கூட யோசிக்காமல் ‘சீனியர் டு மி’ என்று எழுதிவிடுகிறார்.