கிளையணி: கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குவனவற்றுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

ஆர்னமென்ட் என்னும் ஆங்கிலச் சொல் கிறிஸ்துமஸ் மரத்தோடு சேர்ந்து வரும்போது, கிளையில் கொக்கியாலோ நூலாலோ தொங்கவிடப்படும் சிறு பொருள் ஒவ்வொன்றையும் குறிக்கும். கண்ணாடி உருண்டையும் அதுவே. துணியில் தைத்த சம்மனசும் (வானதூதர் உருவம்), அட்டையில் வெட்டிய விண்மீனும், குழந்தை பள்ளியில் செய்துகொண்டு வந்த காகித மணியும் அதுவே. மொழிபெயர்ப்புகளில் இது ‘கிறிஸ்துமஸ் ஆபரணம்’ என்று எழுதப்படுவதைக் காண்கிறோம். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒருவரிடம் கிறிஸ்துமஸுக்கு ஆபரணம் வாங்க வேண்டும் என்றால், அவர் நகைக்கடைக்குத்தான் வழி சொல்வார். ‘அலங்காரப் பொருள்’ என்பதில் பிழையில்லை. ஆயினும் சுவரில் ஒட்டும் வண்ணத்தாளையும் வாசலில் கட்டும் சீரியல் பல்பையும் அது சேர்த்தே சுட்டுவதால், ஒரு வீட்டார் ஆண்டுதோறும் பெட்டியிலிருந்து எடுத்து, இது இன்னார் தந்தது என்று சொல்லியபடியே மாட்டுகின்ற அந்தத் தனிப்பொருளுக்கு அது பெயராகப் போதவில்லை.

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீனில் உள்ளது. ஓர்னாரே என்னும் இலத்தீன் வினைக்கு அழகுபடுத்துதல் என்ற பொருளோடு, வேண்டியவற்றைப் பூட்டி ஆயத்தமாக்குதல் என்ற பொருளும் உண்டு. கப்பலையோ படையையோ தேவையான கருவிகளோடு புறப்பாட்டுக்கு ஆயத்தமாக்குவதற்கும் அதே வினை வழங்கியது. அதிலிருந்து பிறந்த ஓர்னாமென்தும் என்ற பெயர், கருவிகளையும் அணிகளையும் ஒருசேரக் குறித்தது. பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின் கருவிப்பொருள் தேய்ந்து அழகுப்பொருள் ஓங்கிற்று என்றாலும், ஆங்கிலிக்கன் திருச்சபையின் வழக்கில் பலிபீடத்துப் பாத்திரங்களும் குருவின் உடுப்புகளும் அச்சொல்லுக்குள் அடங்கியே இருந்தன.

வடமொழியிலும் பொருள் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. ‘அலம்’ என்றால் போதும், நிறைவு. அலங்காரம் என்பது ஒன்றைப் போதுமானதாக, ஆயத்தமானதாக ஆக்குதல் என்ற பொருளிலிருந்து அழகுபடுத்துதலுக்கு வந்தது. ஆபரணம், தாங்குதலைக் குறிக்கும் வினையடியில் பிறந்து, உடல் தாங்குவதற்குப் பெயரானது. உடம்பில் அணிவது என்ற எல்லை அதன் பிறப்பிலேயே இருப்பதால் மரத்துக்கு அது பொருந்தாமல் போகிறது.

தமிழில் இந்தப் பொருள்வழி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கலம் என்ற ஒரே சொல் உண்கலமாகவும், கடலோடும் மரக்கலமாகவும், போருக்கான படைக்கலமாகவும், மேனியில் பூணும் அணிகலமாகவும் நிற்கிறது. ‘மங்கலம் என்ப மனைமாட்சி மற்றுஅதன் நன்கலம் நன்மக்கட் பேறு’ என்னும் 60 ஆம் குறளில் வரும் நன்கலத்தைப் பரிமேலழகர் நல்ல அணிகலம் என்றே கொள்கிறார். வீட்டுக்கு அணி எது என்ற வினாவுக்கு அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளையே விடையாகக் காட்டும் இக்குறள், நாம் இங்கே தேடும் சொல்லுக்கு மிக அருகில் நிற்கிறது. அணி என்ற சொல்லும் அகன்றது. மேனியில் அணிவது, வரிசையாக வகுத்து நிறுத்திய படையணி, செய்யுளை அழகுபடுத்தும் உவமையும் உருவகமும் எல்லாம் அணிதான். அணிந்துகொள்பவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அதற்கு இல்லை.

சொல்லை விட்டுச் சற்றே பொருளைப் பார்ப்போம். 1605 இல், இன்று பிரான்சில் உள்ள ஸ்திராஸ்பூர்க் நகரத்து வழக்கத்தைப் பற்றி எழுதிய ஒருவர், அங்கே மக்கள் கிறிஸ்துமஸுக்கு ஊசியிலை மரங்களை வீட்டுக்குள் நிறுத்தி, பலநிறக் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், பொன்தகடு, சர்க்கரைப் பண்டங்கள் ஆகியவற்றைத் தொங்கவிட்டதாகக் குறித்திருக்கிறார். டிசம்பர் 24 ஆதாம், ஏவாள் நாளாகவும் கொண்டாடப்பட்டதால், அன்று நடந்த நாடகங்களில் ஆப்பிள் தொங்கும் ஏதேன் தோட்டத்து மரம் இடம்பெற்றது. உருண்டை வடிவம் இன்றும் மரத்தை விட்டுப் போகாமைக்கு அந்த ஆப்பிளையே பலரும் காரணமாகக் காட்டுகின்றனர். கண்ணாடி உருண்டையின் ஊர் ஜெர்மனியில் தூரிங்கிய மலைகளுக்கு இடையே உள்ள லவுஷா. அங்கே 1597 இல் கண்ணாடி உலை தொடங்கப்பட்டது. 1840களின் பிற்பகுதியில் கிறிஸ்துமஸ் மரத்துக்கான கண்ணாடி உருண்டைகள் ஊதப்பட்டன. 1867 இல் எரிவாயு நிலையம் அமைந்ததும், சீரான சுடரில் பெரிய, மெல்லிய உருண்டைகளை ஊத முடிந்தது. உருண்டையின் உட்புறத்தில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை ஊற்றிச் சுழற்றி வெள்ளி படியச் செய்வதால்தான், மேலே பூசிய வண்ணத்துக்குள்ளிருந்து ஒளி திரும்பி வருகிறது. ஆங்கிலேயர் இந்த உருண்டையைப் பாபிள் என்பர். அது குழந்தையின் விளையாட்டுப் பொருளைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்னும் நம் மாவட்டங்களில் மரத்தைவிட, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலே முதன்மையானது. தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து தனியானது 1997 இல்தான் என்றாலும், கோவிலூர், எலத்தகிரி, பி.பள்ளிப்பட்டி போன்ற ஊர்களின் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே திருநாளைக் கொண்டாடி வருகின்றன. வைக்கோலும் மூங்கில் சிம்பும் கொண்டு குடில் கட்டி, அதன் பக்கத்தில் சவுக்குக் கிளை ஒன்றை மணல் நிரப்பிய வாளியில் நட்டால் அதுவே கிறிஸ்துமஸ் மரம். அண்மைக் காலத்தில் அராக்கேரியா தொட்டிச்செடியும் பிளாஸ்டிக் மரமும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. மரத்தை அழகுபடுத்துவதை எங்கள் பக்கத்தில் ‘ஜோடிக்கிறது’ என்பார்கள்; தொங்குவனவற்றைப் பொதுவாகச் சொல்ல ஒரு பெயரில்லாமல், ஸ்டார், மணி, குண்டு, ஜிகினா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே சொல்வார்கள்.

இந்த ஜிகினாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தின் டின்சல், தீப்பொறியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மானியர் சொல்லும் லமெட்டா, சிறு தகடு என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல். இவற்றுக்கு ஈடாக நாம் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. இப்பகுதியின் தெருக்கூத்தில் கிரீடத்திலும், தோளில் கட்டும் புஜக்கட்டையிலும் கண்ணாடிச் சில்லோடு ஒட்டப்பட்டு, விளக்கொளியில் விடிய விடிய மின்னுவதை மக்கள் ஜிகினா என்றே அறிவர். மரத்தில் சுற்றுவதும் அதே மின்னல்தான்.

எங்கள் வீட்டில் இந்தப் பொருள்கள் இருப்பது ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவில். தாத்தா பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் சிவாஜிநகர்க் கடையொன்றில் வாங்கிவந்த சிவப்புக் கண்ணாடிக் குண்டு, வேட்டித் துணியில் சுற்றப்பட்டு அதில் இருக்கிறது. வெள்ளி உரிந்த இடத்தில் உள்ளே வெறும் கண்ணாடி தெரிகிறது. ஆயா என்று நாங்கள் சொல்லும் பாட்டி செய்த மீன்களும் இருக்கின்றன. கோடையில் தின்ற மாம்பழத்தின் கொட்டைகளை நார் போகத் தேய்த்துக் காயவைத்து, மார்கழிவரை பானையில் பத்திரப்படுத்தி, ஜிகினாத் தாளைச் சுற்றி, தாளிலேயே வாலும் செதிலும் வெட்டி ஒட்டுவார். கொட்டையின் வளைவே மீனின் முதுகாகிவிடும். கிருஷ்ணகிரிப் பக்கத்து வீட்டில் மாங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. அதை மீனாகப் பார்க்கும் கண்தான் ஆயாவுடையது. இன்று அந்த மீன்களை எடுத்து மாட்டும் சிறுவர்களில் ஒருவர்கூட அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ‘ஆயா மீனு எங்கே?’ என்று கேட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறார்கள். கடையில் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் உருண்டைகளை அவர்கள் எண்ணிக்கையால் சொல்கிறார்கள். இவற்றை ஆளின் பெயரால் சொல்கிறார்கள். சொல் தேட வேண்டியதன் தேவை எனக்கு இங்கேதான் புலப்படுகிறது.

அப்படியானால் எந்தச் சொல்? மரம் என்பதோடு அணி சேர்ந்தால், மரவடி என்பதைப் போலவே மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் பெற்று, மரவணி என்றாகும். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் மரத்தால் செய்த அணி என்றே அதைக் கேட்போர் பொருள்கொள்வர். கூத்துக் கலைஞர் பூணும் கட்டைகள் மெய்யாகவே மரத்தாலான அணிகளாக உள்ள ஒரு பகுதியில் அந்தக் குழப்பத்துக்கு இடம் தரக்கூடாது. தொங்கட்டான் நல்ல பேச்சுச்சொல். ஆனால் அது காதில் தொங்குவதற்கு ஏற்கெனவே உரிமையாகிவிட்டது. தொங்கல் என்பது மாலைக்கும் பெயராக இருப்பதால் பொருள் சிதறுகிறது.

நான் பரிந்துரைப்பது கிளையணி. கிளையில் அணிவிக்கப்படுவது என்ற நேர்ப்பொருள் கேட்டவுடன் விளங்குகிறது. எழுதவும் பன்மையாக்கவும் இடரில்லை. அதற்கு மேலும் ஒரு பொருத்தம் உண்டு. தமிழில் கிளை என்பது மரத்தின் கொம்பை மட்டும் குறிப்பதன்று. சுற்றத்துக்கும் அதுவே பெயர், சுற்றத்தார் கிளைஞர். தாத்தாவின் குண்டையும் ஆயாவின் மீனையும் சுட்டுவதற்கு, உறவையும் கொம்பையும் ஒன்றாக ஏந்திய இந்தச் சொல்லைவிடப் பொருத்தமானதை என்னால் காண முடியவில்லை. ஆர்னமென்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் இந்தப் பொருள் கிடையாது. இது தமிழில் எழுதும்போது மட்டும் கிடைப்பது.

வகைப்பெயர்களை வழக்கை ஒட்டியே வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி உருண்டைக்குக் கண்ணாடிக் குண்டு என்பதே போதும். உச்சியில் வைப்பதை உச்சி விண்மீன் என்று எழுதலாம்; பேச்சில் ஸ்டார் என்பதை யாரும் விட வேண்டியதில்லை. சம்மனசு என்ற சொல் நம் கத்தோலிக்க வீடுகளில் இன்னும் உயிரோடு இருப்பதால் ஏஞ்சலுக்கு அதுவே உரியது. ஜனவரியில் வரும் மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்து எல்லாவற்றையும் இறக்கும்போது, டப்பாவின் மேல் ‘கிளையணிகள்’ என்று எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒவ்வொன்றும் யார் செய்தது, யார் வாங்கியது, எந்த ஊரில் என்பதையும் ஒரு தாளில் குறித்து ஒட்டிவைக்கலாம். துணியில் சுற்றிய கண்ணாடியை அடியில் வைக்காமல் மேலே வைப்பது நல்லது.