காது பட்ஸ் விற்கிறீர்களா? முதலில் குச்சியை மடக்கிப் பாருங்கள்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் வளையல், ஹேர்பின் விற்கும் அக்கா ஒருவரின் கடையில் சோதனைக்கு வந்தவர்கள் நாற்பது பாக்கெட் காது பட்ஸை அள்ளிக்கொண்டு போனார்கள். அபராதம் வேறு. சரக்கைப் போட்ட மொத்தக் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அங்கே ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

விதி இவ்வளவுதான். பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. காகிதக் குச்சி, மூங்கில் குச்சி என்றால் விற்கலாம். ஷாம்பு பாக்கெட் மத்திய அரசின் இந்தத் தடைப் பட்டியலிலேயே இல்லை; ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

“பழைய ஸ்டாக்குங்க, தீர்ந்ததும் நிறுத்திடுறேன்” என்பது எடுபடாது. விற்பதற்கு மட்டுமல்ல, இருப்பு வைப்பதற்கும் தடை உண்டு.

அட்டையில் பச்சை இலைப் படம் போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். மொத்தக் கடையில் நிற்கும்போதே ஒரு குச்சியை எடுத்து மடக்குங்கள். காகிதம் மடங்கியபடியே நிற்கும், தண்ணீரில் ஊறினால் பிரிந்து வரும். பிளாஸ்டிக் நிமிரப் பார்க்கும்.

அப்புறம் பில். அக்காவிடம் இருந்த துண்டுச்சீட்டில் “ஃபேன்சி ஐட்டம் 1 பண்டல்” என்றுதான் இருந்தது. அதை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. கடைப் பெயரோடு “காகிதக் குச்சி பட்ஸ்” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கிறார்களா, சரக்கே வேண்டாம்.

சோதனைக்கு வந்தால் சண்டை போடாதீர்கள். எத்தனை பாக்கெட் எடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் அபராதம் கட்டாதீர்கள்.

மொத்தக் கடை மேல் புகார் கொடுக்க அந்த அக்காவோடு நானும் போனேன். நகராட்சியில் “மாசு வாரியத்தைப் பாருங்க” என்றார்கள். வாரியத்தில் “கடைன்னா நகராட்சிதான்” என்றார்கள். இதிலேயே இரண்டு நாள் வியாபாரம் போச்சு. தயாரிக்கும் இடம் என்றால் வாரியம், கடைவீதி என்றால் உள்ளாட்சி. இதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘எஸ்யூபி-சிபிசிபி’ செயலியிலும் படத்தோடு புகார் போடலாம். ஆனாலும் காகிதத்தில் ஒரு மனு கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். “நாளைக்கு வாங்க” என்றால் அங்கேயே உட்காருங்கள். அக்காவுக்கு சீல் கிடைத்தது மூன்றாவது நாள் சாயங்காலம்தான்.